இணையாக ஓடும் பில்டில் பொதுக் கோப்பைக் கெடுக்காமல் எழுதுவது எப்படி?

கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டிகளுக்கும் மாங்கூழ் ஆலைகளுக்கும் எடைமேடை மென்பொருள் எழுதித் தரும் சிறிய குழு ஒன்றில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு ஜூன் மாதம், பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு மண்டியிலிருந்து புகார் வந்தது: எடைச்சீட்டில் கழிவு பிடித்த விவரம் அச்சாகவில்லை. மென்பொருளைத் திறந்து பார்த்தால் மெனுவிலேயே அந்தப் பகுதி இல்லை. அதன் மூலநிரல் பத்திரமாக இருந்தது, கம்பைல் ஆகியிருந்தது (இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டிருந்தது), பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. முந்தைய இரவு செய்த பில்டில் (மூலநிரலிலிருந்து முழு மென்பொருளையும் கட்டும் வேலையில்) மட்டும் அது காணாமல் போயிருந்தது. அதே மூலத்தை எதையும் மாற்றாமல் மறுபடி பில்டு செய்தபோது அது திரும்பி வந்துவிட்டது.

காரணத்தைப் பிடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. எங்கள் மென்பொருளின் ஒவ்வொரு பகுதியும் கம்பைல் ஆகும்போது ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடும். அது பகுதிகளின் பட்டியல் கோப்பைத் திறந்து, உள்ளே இருப்பதைப் படித்து, தன் பெயரை ஒரு வரியாகச் சேர்த்து, அகரவரிசைப்படுத்தித் திரும்ப எழுதிவைக்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஓடியவரை இதில் குறை எதுவும் தெரியவில்லை. அலுவலகத்துக்கு 16 கோர் கொண்ட புதிய கணினி வந்ததும், பில்டு சீக்கிரம் முடியட்டும் என்று பில்டை நடத்தும் மேக் கட்டளையை, 16 வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடும் -ஜே16 என்ற விருப்பத்துடன் ஓடவிட்டோம். புகாருக்கு முந்தைய இரவு இரண்டு ஸ்கிரிப்டுகள் ஒரே நொடியில் பட்டியலைப் படித்திருக்கின்றன. இரண்டின் கையிலும் 12 வரிகள். இரண்டும் தத்தம் வரியைச் சேர்த்து 13 வரிகளாக எழுதின. பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை அழித்தது. அழிந்தது கழிவுப் பகுதியின் வரி.

பர்கூரிலும் செட்டிகரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகளில் படித்து முடித்து, ஓசூரிலோ பெங்களூரிலோ முதல் வேலையில் சேர்ந்து, பத்து வருடம் பழைய மேக்ஃபைல் (எந்தக் கோப்பை எப்படி உருவாக்குவது என்று மேக்குக்குச் சொல்லும் விதிகளின் கோப்பு) ஒன்று கைக்கு வந்திருக்கும் இளைஞர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். லினக்ஸையும் குனு மேக்கையும் அடிப்படையாக வைத்துப் பேசினாலும், வேறு கருவிகளிலும் இதே சிக்கல் இதே உருவத்தில்தான் வரும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள்.

இந்தச் சிக்கலைக் கேட்டவுடன் பெரும்பாலோர் சொல்லும் தீர்வு, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எழுதும்படி கோப்புக்கு ஒரு பூட்டுப் போடுவது. என் கருத்தில் பூட்டு கடைசி வழி. அந்தக் கோப்பைப் பல பேர் எழுதத்தான் வேண்டுமா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். பத்தில் ஒன்பது இடங்களில் வேண்டியதில்லை என்பதே நான் கண்ட விடை. கீழே உள்ள படிகளின் வரிசையும் அதனால்தான் இப்படி அமைந்திருக்கிறது.

எழுதும்போது உள்ளே என்ன நடக்கிறது

படிகளுக்குப் போகுமுன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் அரைகுறையாகத் தெரிந்த விதிகளை நம்பித்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

ஷெல்லில் ஒற்றை அம்புக்குறி (>) போட்டு ஒரு கோப்புக்கு எழுதினால், கோப்பு திறக்கும்போதே காலியாக்கப்படும். எழுதும் ஒவ்வொரு செயல்முறையும் தான் எந்த இடம் வரை எழுதியிருக்கிறது என்ற கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளும். இரண்டு செயல்முறைகள் இப்படி ஒரே கோப்பைத் திறந்தால், இரண்டும் தொடக்கத்திலிருந்தே எழுதும். ஒன்றின் எழுத்தின்மேல் மற்றொன்றின் எழுத்து விழும். இரட்டை அம்புக்குறி (>>) போட்டால் கோப்பு ‘ஓ_அப்பெண்ட்’ என்ற கொடியுடன் திறக்கப்படும். அப்போது ஒவ்வொரு ‘ரைட்’ அழைப்புக்கும் (எழுதித்தரும்படி நிரல் கேட்கும் கோரிக்கைக்கும்) முன்னால் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் கோப்பின் கடைசிக்கு நகர்ந்துகொள்ளும், நகர்வதற்கும் எழுதுவதற்கும் நடுவில் வேறு யாரும் புகுந்து கோப்பை மாற்ற முடியாது என்று யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை சொல்கிறது. எனவே ஒருவர் எழுதியதன்மேல் மற்றவர் எழுதும் ஆபத்து உள்ளூர் வட்டில் இல்லை.

இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ‘இரட்டை அம்புக்குறி போதும், பாதுகாப்புதான்’ என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. நான்கு காரணங்களால் அது போதாது. முதலாவது, உறுதிமொழி ஒரு ரைட் அழைப்புக்குத்தான், உங்கள் நிரலின் ஒரு வரிக்கு அல்ல. நிரல்கள் கோப்புக்கு எழுதும்போது எழுத்துகளை நினைவகத்தில் ஒரு பஃபரில் (தற்காலிக இடத்தில்) சேர்த்துவைத்து, அது நிரம்பியதும்தான் கெர்னலிடம் கொடுக்கின்றன. குனு சி நூலகத்தில் அந்தப் பஃபர் பெரும்பாலும் 4096 பைட். அந்த எல்லை ஒரு வரியின் நடுவில் விழுந்தால் பாதி வரி இப்போதும் மீதி வரி பிறகும் போகும், இடைவெளியில் அடுத்தவரின் வரி வந்து உட்கார்ந்துவிடும். இரண்டாவது, நெட்வொர்க் வழியாகப் பகிரப்பட்ட என்எஃப்எஸ் வட்டில் இந்த உறுதிமொழியே கிடையாது. கடைசியில் சேர்க்கும் வசதி அந்த நெறிமுறையில் இல்லாததால் பயனரின் கெர்னல் அதைப் பாவனையாகச் செய்கிறது, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் எழுதினால் கோப்பு கெடலாம் என்று லினக்ஸின் கையேட்டுப் பக்கமே எச்சரிக்கிறது. மூன்றாவது, வரிகள் முழுதாகவே விழுந்தாலும் அவற்றின் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். அதனால் ஒரே மூலத்திலிருந்து இன்று ஒரு வெளியீடும் நாளை வேறொரு வெளியீடும் வரும்.

நான்காவது காரணத்தைத்தான் பலர் மறக்கிறார்கள். மாற்றிய கோப்பை மட்டும் மறுபடி கம்பைல் செய்வது மேக்கின் இயல்பு. கோப்பின் கடைசியில் சேர்க்கும் விதி மறுபடி ஓடினால் அதே வரி இரண்டாம் முறை சேரும். இதைத் தவிர்க்கப் பில்டின் தொடக்கத்தில் பட்டியலைக் காலியாக்கினால், மாறாத பகுதிகளின் வரிகளும் சேர்ந்து போய்விடும். மேலும், காலியாக்கும் அந்த வேலை மற்ற வேலைகளுக்கு முன்னால் நடந்தே தீரும் என்று இணை ஓட்டத்தில் யாரும் உறுதி தருவதில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 4096 பைட்டுக்குள் எழுதினால் ஒன்றோடொன்று கலக்காது என்று லினக்ஸில் ஒரு விதி உண்டு. அது ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்கு அனுப்பும் பைப்புக்கு உரிய விதி. கோப்புக்கு அதைப் பொருத்திப் பேசுவது தவறு.

முதல் படி: பொதுக் கோப்புகளைக் கண்டுபிடியுங்கள்

மேக்ஃபைலையும் அது அழைக்கும் ஸ்கிரிப்டுகளையும் ஒரு முறை நிதானமாகப் படித்து, ஒவ்வொரு விதியும் எந்தெந்தக் கோப்பை எழுதுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கோப்பின் பெயர் இரண்டு விதிகளுக்கு எதிரே வந்தால் அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். கிரெப் கட்டளையால் இரட்டை அம்புக்குறியையும், கோப்பின் கடைசியில் சேர்க்கும் ‘டீ -ஏ’, கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தும் ‘செட் -ஐ’ ஆகியவற்றையும் தேடுங்கள். ‘செட் -ஐ’ தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றுவதால் படிப்பவருக்குப் பாதிக் கோப்பு கிடைக்காது. ஆனால் இரண்டு ‘செட் -ஐ’ ஒரே கோப்பின்மேல் ஓடினால் எங்கள் கழிவுப் பகுதிக்கு நேர்ந்ததே அங்கும் நேரும்.

மேக்ஃபைலில் பெயரே தெரியாமல் மறைந்திருக்கும் பொதுக் கோப்புகள் இன்னும் ஆபத்தானவை. ஒரு மொழியின் இலக்கணத்திலிருந்து அதைப் படிக்கும் சி நிரலை உருவாக்கித் தரும் பழைய யாக் நிரல் எந்த இலக்கணத்தைக் கொடுத்தாலும் ‘ஒய்.டேப்.சி’ என்ற ஒரே பெயரில்தான் வெளியீட்டை எழுதும். ஒரே அடைவில் இரண்டு இலக்கணங்கள் இருந்தால் ஒன்றின் வெளியீட்டை மற்றொன்று விழுங்கும். தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவில் நிலையான பெயரில் கோப்பு வைத்துக்கொள்ளும் ஸ்கிரிப்டுகளும் இவ்வகைதான். அவை ஒரே பில்டுக்குள் மட்டுமல்லாமல், அதே கணினியில் உங்கள் சக ஊழியர் ஓட்டும் பில்டோடும் மோதும். இரண்டு துணை அடைவுகள் தனித்தனியே மேக்கை அழைத்து, இரண்டும் ஒரே பொது நூலகத்தைக் கட்டப் போவதையும் பல திட்டங்களில் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு மேக்குகளுக்கும் ஒன்றையொன்று தெரியாது.

கண்ணால் படித்துப் பிடிபடாதபோது, நிரல்கள் கெர்னலிடம் செய்யும் அழைப்புகளைப் பதிவுசெய்யும் ‘எஸ்ட்ரேஸ் -எஃப்’ கட்டளையின் கீழ் பில்டை ஓட்டி, கோப்பைத் திறக்கும் ‘ஓபன்அட்’ அழைப்புகளை மட்டும் வடிகட்டினால், எழுதுவதற்காகத் திறக்கப்பட்ட ஒவ்வொரு கோப்பின் பெயரும் எந்தச் செயல்முறை திறந்தது என்பதும் கிடைக்கும். வேகம் மிகவும் குறையும், வெளியீடு மலைபோல் குவியும். ஆனாலும் பழைய திட்டத்தை முதன்முறை கையில் எடுப்பவர் அரை நாள் ஒதுக்கி இதைச் செய்வது வீண்போகாது.

இரண்டாம் படி: ஆளுக்கொரு சீட்டு

மண்டியில் லாரி எடைமேடையில் ஏறி இறங்கினால், அதற்கென்று தனியே ஓர் எடைச்சீட்டு கிழித்துக் கொடுக்கிறார்கள். லாரி ஓட்டுநர்கள் யாரும் உள்ளே போய்ப் பேரேட்டைத் திறந்து தாங்களே வரவு வைப்பதில்லை. சீட்டுகளெல்லாம் சேர்ந்த பிறகு, கணக்குப்பிள்ளை ஒருவரே உட்கார்ந்து வரிசையாகப் பேரேட்டில் ஏற்றுகிறார். ஒரே நேரத்தில் நாற்பது லாரி நின்றாலும் பேரேட்டில் கை வைப்பவர் ஒருவர்தான். பில்டிலும் இதையே செய்யுங்கள்.

எங்கள் மென்பொருளில் செய்தது இது. ஒவ்வொரு மூலக் கோப்பும் கம்பைல் ஆகும்போது, தன் ஆப்ஜெக்ட் கோப்புக்குப் (கம்பைல் ஆகி வரும் கோப்புக்குப்) பக்கத்தில் தன் பெயரிலேயே ‘.சீட்டு’ என்ற பின்னொட்டுடன் ஒரு சிறு கோப்பை எழுதும். அதில் அந்தப் பகுதிக்குரிய ஒரு வரி மட்டும் இருக்கும். பட்டியல் கோப்புக்கென்று தனியாக ஒரே ஒரு விதி. எல்லாச் சீட்டுகளும் அதன் முன்தேவைகள், அதாவது அது ஓடுமுன் தயாராக இருக்க வேண்டிய கோப்புகள். எல்லாச் சீட்டுகளும் தயாரான பிறகே அந்த விதி ஓடும், ஒரு முறைதான் ஓடும், ‘சார்ட் $^ > $@’ என்ற ஒரு வரியில் வேலையை முடிக்கும். சார்ட் என்பது வரிகளை வரிசைப்படுத்தும் கட்டளை; $^ என்பது முன்தேவைகள் அனைத்தையும், $@ என்பது இலக்கையும் (விதி உருவாக்கும் கோப்பையும்) குறிக்கும். பூட்டு தேவையில்லை, காத்திருப்பு இல்லை, ஒரு பகுதியை மாற்றினால் அதன் சீட்டு மட்டும் புதிதாகும், பட்டியல் மறுபடி கோக்கப்படும், இரட்டை வரி வர வழியே இல்லை.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சீட்டுகளின் பெயர்களை மூலக் கோப்புகளின் பட்டியலிலிருந்து வருவியுங்கள். அடைவில் உள்ள எல்லா ‘.சீட்டு’ கோப்புகளையும் நட்சத்திரக் குறி போட்டு அள்ளாதீர்கள். அப்படி அள்ளினால், போன மாதம் நீக்கிய பகுதியின் பழைய சீட்டும் உள்ளே வந்துவிடும். இரண்டாவது, சார்ட் கட்டளையின் வரிசை கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து மாறும். ஒருவர் கணினி தமிழிலும் இன்னொருவர் கணினி ஆங்கிலத்திலும் அமைந்திருந்தால் வேறு வேறு வரிசை வரக்கூடும். எனவே ‘எல்சி_ஆல்=சி’ என்ற அமைப்பை அந்தக் கட்டளைக்கு முன்னால் சேர்த்துவிடுங்கள்.

பெரிய கருவிகளும் இதே வழியைத்தான் வைத்திருக்கின்றன. கிளாங் கம்பைலரில் சோதனைகளின் கவரேஜ் விவரத்தை (நிரலின் எந்தெந்த வரிகள் ஓடின என்பதை) எழுதும்போது, ‘எல்எல்விஎம்_புரொஃபைல்_ஃபைல்’ என்ற சூழல் மாறியில் கோப்பின் பெயருக்குள் %பி என்று சேர்த்தால், ஒவ்வொரு செயல்முறையும் தன் எண்ணைப் பெயரில் வைத்துத் தனிக் கோப்பாக எழுதும்; முடிவில் ஒரு தனிக் கருவி எல்லாவற்றையும் ஒன்றாக்கும். தற்காலிகக் கோப்புக்கு ‘எம்கேடெம்ப்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். யாருக்கும் இல்லாத பெயரை அதுவே உருவாக்கித் தரும்.

மூன்றாம் படி: எழுதி முடித்த பிறகே பெயர் கொடுங்கள்

எழுதுபவர் ஒருவரே என்றாலும் படிப்பவர்கள் பலர் இருப்பார்கள். பல மூலக் கோப்புகள் உள்ளே சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்பு ஒன்று பாதி எழுதப்பட்டிருக்கும்போது இன்னொரு கம்பைலர் அதைத் திறந்தால், பாதியில் அறுந்த வரியைப் பார்த்துச் சம்பந்தமில்லாத ஒரு பிழையைச் சொல்லும். முன்தேவைகள் சரியாக எழுதப்பட்டிருந்தால் இது நடக்கக் கூடாது; ஆனால் பழைய மேக்ஃபைல்களில் முன்தேவைகள் சரியாக எழுதப்பட்டிருப்பதில்லை.

எனவே இலக்கை நேரடியாக எழுதாமல், அதே அடைவில் வேறொரு பெயரில் எழுதி முடித்து, பிறகு ‘எம்வி’ கட்டளையால் சரியான பெயருக்கு மாற்றுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றுவது பிரிக்க முடியாத ஒரே செயல். படிப்பவர் பழைய கோப்பை முழுதாகப் பார்ப்பார் அல்லது புதியதை முழுதாகப் பார்ப்பார். ‘அதே அடைவில்’ என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டெம்ப் அடைவு பல கணினிகளில் வேறு கோப்பு முறைமையாக இருக்கும். அங்கிருந்து எம்வி செய்தால், பெயர் மாற்றம் முடியாமல் எம்வி கட்டளை சத்தமில்லாமல் நகலெடுக்கத் தொடங்கும், பாதிக் கோப்பு பிறர் கண்ணில் படும் ஆபத்து திரும்பி வந்துவிடும்.

இந்த வழக்கத்தால் இன்னொரு பயனும் உண்டு. பில்டு ஓடும்போது நிரல் நடுவில் விழுந்தால், பாதி எழுதிய இலக்கு புதிய நேரமுத்திரையுடன் அங்கேயே கிடக்கும். அடுத்த முறை மேக் அதைப் பார்த்து வேலை முடிந்துவிட்டது என்று தாண்டிப் போகும். பெயர் மாற்றும் முறையில், கட்டளை வெற்றி பெற்றால் மட்டுமே எம்வி ஓடும்படி இரண்டையும் && குறியால் இணைத்தால் இது நேராது. கூடுதல் காப்பாக, மேக்ஃபைலில் ‘.டிலீட்_ஆன்_எரர்’ என்ற சிறப்பு இலக்கையும் எழுதிவையுங்கள். தோற்ற விதியின் இலக்கை மேக் தானே அழித்துவிடும். இதை இயல்பாகவே வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம், ஆனால் குனு மேக்கில் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

உருவாக்கிய கோப்பு பழையதைப் போலவே இருந்தால் பெயர் மாற்றாமல் விட்டுவிடுவதும் நல்ல பழக்கம். ‘சிஎம்பி’ கட்டளையால் ஒப்பிட்டுப் பாருங்கள்; மாற்றம் இல்லையென்றால் தற்காலிகக் கோப்பை அழித்துவிடலாம். ஹெடரின் நேரம் மாறாததால் அதை நம்பியிருக்கும் நூறு கோப்புகள் வீணாக மறுபடி கம்பைல் ஆகாது.

நான்காம் படி: மேக்கிடம் உண்மையைச் சொல்லுங்கள்

ஒரே கட்டளை இரண்டு கோப்புகளை உருவாக்கும் இடம்தான் இணை பில்டில் மிக அதிகமாகத் தவறு நேரும் இடம். யாக் போன்ற பைசன் நிரல் ஓர் இலக்கணத்திலிருந்து ஒரு சி கோப்பையும் ஒரு ஹெடரையும் தரும். இரண்டையும் இடப்பக்கம் எழுதி, நடுவில் முக்காற்புள்ளி போட்டு, வலப்பக்கம் இலக்கணத்தை எழுதினால், ஒரு கட்டளை இரண்டையும் தருகிறது என்று மேக் புரிந்துகொள்ளும் என எண்ணுவது இயல்பு. மேக் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. இரண்டு இலக்குகளுக்கும் தனித்தனியே ஒரே செய்முறை என்றுதான் கொள்கிறது. இணை ஓட்டத்தில் பைசன் இரண்டு முறை, ஒரே நேரத்தில், ஒரே கோப்புகளின்மேல் ஓடும்.

குனு மேக் 4.3 பதிப்பு, 2020இல் வந்தது, இதற்கு ஒரு குறியைத் தந்தது: முக்காற்புள்ளிக்கு முன்னால் & சேர்த்து ‘&:’ என்று எழுதினால், இலக்குகள் எல்லாம் ஒரே குழு, கட்டளை ஒரு முறை ஓடும். பழைய பதிப்பில் இந்தக் குறி பிழை எதுவும் காட்டாமல், &-ஐயும் ஓர் இலக்கின் பெயராக எடுத்துக்கொள்ளும்; எனவே உங்கள் குழுவில் எல்லாரிடமும் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பழையதோடுதான் வாழ வேண்டும் என்றால் % குறி கொண்ட வடிவ விதியாக எழுதலாம்; வடிவ விதியில் பல இலக்குகள் இருந்தால் அவை எப்போதும் ஒரே குழுவாகவே கொள்ளப்படுகின்றன.

ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே கோப்பாகத் தொகுக்கும் ஏஆர் கட்டளையால் நூலகம் கட்டும்போதும் எச்சரிக்கையாக இருங்கள். ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பும் தயாரானவுடன் அதை நூலகத்தில் செருகும்படி எழுதப்பட்ட பழைய மேக்ஃபைல்கள் உண்டு. இணையாக ஓடும் ஏஆர் கட்டளைகளுக்கு ஒன்றையொன்று தெரியாது என்றும், நூலகக் கோப்பு கெட்டுப்போகலாம் என்றும் குனு மேக்கின் கையேடே சொல்கிறது. எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளையும் முன்தேவையாகக் கொண்ட ஒரே விதி, அதில் பழைய நூலகத்தை அழித்துவிட்டு ஒரே ஏஆர் அழைப்பு: இது போதும்.

அடைவு உருவாக்குவதைப் பற்றி ஒரு வரி: ‘எம்கேடிர் -பி’ இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் ஓடினாலும் கெடுதல் இல்லை, ‘-பி’ இல்லாமல் எழுதினால் ஒன்று தோற்கும்.

ஐந்தாம் படி: வேறு வழியே இல்லையென்றால் பூட்டு

எடைமேடை ஒன்றுதான் இருக்கிறது என்றால் லாரிகள் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். பல பில்டுகள் பகிர்ந்துகொள்ளும் தரவிறக்கக் கிடங்கு, சோதனைக்காக இணைத்திருக்கும் ஒரே ஒரு எடைமேடைக் கருவி, தனித்தனியே ஓடும் இரண்டு மேக்குகள் கட்டும் பொது நூலகம் ஆகியவை இந்த வகை. இவற்றுக்குப் பூட்டு போடலாம், ஆனால் சரியாகப் போட வேண்டும்.

யுடில்-லினக்ஸ் தொகுப்பில் வரும் ‘எஃப்லாக்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். முதலில் பூட்டுக் கோப்பின் பெயரையும் அடுத்து ஓட்ட வேண்டிய கட்டளையையும் கொடுத்தால், பூட்டு கிடைக்கும்வரை அது காத்திருந்து, கட்டளையை ஓட்டி, முடிந்ததும் பூட்டை விடும். அந்தச் செயல்முறை நடுவில் இறந்தாலும் கெர்னல் பூட்டைத் தானே விடுவித்துவிடும் என்பது இதன் பெரிய வசதி. ஓர் அடைவை உருவாக்கி அதையே பூட்டாகக் கொள்ளும் பழைய முறையில், உருவாக்கியவர் நடுவில் விழுந்துவிட்டால் பூட்டு அப்படியே கிடக்கும். காலையில் வருபவர் பில்டு ஏன் நகரவில்லை என்று தெரியாமல் தவிப்பார்.

பூட்டுப் போடுவதில் நான் கண்ட தவறுகளில் முதன்மையானது, தரவுக் கோப்பின்மேலேயே பூட்டுப் போடுவது. மூன்றாம் படியில் சொன்னபடி பெயர் மாற்றி எழுதினால், அந்தப் பெயரில் இப்போது இருப்பது வேறொரு கோப்பு. பழைய கோப்பின்மேல் பூட்டு வைத்திருப்பவரும் புதிய கோப்பின்மேல் பூட்டு வாங்குபவரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்கள், இருவரும் தாம் மட்டும்தான் உள்ளே என்று நம்புவார்கள். பூட்டுக்கென்று தனியாக ஒரு வெற்றுக் கோப்பு வையுங்கள், வேலை முடிந்தது என்று அதை அழிக்காதீர்கள். அழித்தாலும் இதே குழப்பம்தான்.

படிப்பது, மாற்றுவது, எழுதுவது ஆகிய மூன்றும் பூட்டுக்குள் நடக்க வேண்டும். எழுதும்போது மட்டும் பூட்டினால், இரண்டு பேர் 12 வரிகளைப் படித்துவிட்டு ஒழுங்காக வரிசையில் நின்று ஒருவரையொருவர் அழிப்பார்கள். இந்தப் பூட்டு ஓர் உடன்பாடு மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள்: எஃப்லாக் கேட்காமல் நேராகக் கோப்பைத் திறந்து எழுதுபவரைக் கெர்னல் தடுக்காது. ஆகையால் அந்தக் கோப்பைத் தொடும் எல்லா ஸ்கிரிப்டுகளும் ஒரே பூட்டு வழியாகவே போக வேண்டும்.

‘-டபிள்யூ 120’ என்பது போல ஒரு காத்திருப்பு எல்லையைக் கொடுங்கள். காலவரையற்றுத் தொங்கும் பில்டைவிட இரண்டு நிமிடத்தில் தோற்றுக் காரணம் சொல்லும் பில்டு மேல். பூட்டுக்குள் ஓடும் கட்டளை பின்னணியில் ஒரு சேவையைத் தொடங்கிவைத்தால், அது பூட்டையும் மரபாகப் பெற்றுக்கொண்டு விடாமல் வைத்திருக்கும். ‘-ஓ’ விருப்பம் அதைத் தவிர்க்கும். மேக்கின் கீழ் ஓடும் வேலை பூட்டுக்காகக் காத்திருக்கும்போதும், ஒரே நேரத்தில் இத்தனை வேலைதான் என்ற அளவில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கிறது. அதனால் பூட்டுக்குள் இருக்கும் நேரம் மிகக் குறைவாக இருக்கட்டும்; கம்பைல் செய்வதை வெளியே முடித்துவிட்டு, சேர்க்கும் வேலைக்கு மட்டும் உள்ளே போங்கள்.

இந்தப் பூட்டுகளை நீங்கள் ஏற்கெனவே சந்தித்திருப்பீர்கள். ரஸ்ட் மொழியின் பில்டு கருவியான கார்கோ, பில்டு அடைவின் பூட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி காட்டும். மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஜிட் தன் ‘இண்டெக்ஸ்.லாக்’ கோப்பை, ஏற்கெனவே இருந்தால் தோற்கும்படி உருவாக்கி, அதிலேயே புதிய இண்டெக்ஸை எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றுகிறது. பூட்டும் தற்காலிகக் கோப்பும் ஒன்றேயான அழகான ஏற்பாடு அது. அந்தக் கோப்பு இருக்கிறது என்று பிழை வந்தால், வேறு ஜிட் ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் அதை அழிக்காதீர்கள். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் சி++ கம்பைலர் பிழைதிருத்த விவரங்களைப் பல கோப்புகளிலிருந்து ஒரே பிடிபி கோப்பில் எழுதும்போது சி1041 என்ற பிழை வந்தால், ‘/எஃப்எஸ்’ விருப்பத்தைச் சேருங்கள். எழுதுதல் முழுவதும் ஒரே சேவைச் செயல்முறை வழியாக வரிசைப்படும்.

திரையில் வரும் செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால், குனு மேக் 4.0 முதல் உள்ள ‘--அவுட்புட்-சிங்க்’ விருப்பம் ஒவ்வொரு இலக்கின் செய்திகளையும் சேர்த்துவைத்து மொத்தமாகக் காட்டும். நிஞ்சா என்ற மற்றொரு பில்டு கருவியில் இது இயல்பாகவே உண்டு.

ஆறாம் படி: அவசரமில்லாமல் சோதியுங்கள்

ஒரு முறை சரியாக ஓடியது என்பது எதையும் நிரூபிக்காது. எங்கள் பில்டு புதிய கணினியில் எத்தனையோ இரவுகள் சரியாக ஓடிய பிறகுதான் ஒரு நாள் தவறியது.

முதலில் -ஜே1 கொடுத்து ஒரு சுத்தமான பில்டு செய்து, வெளியீட்டுக் கோப்புகளின் ‘ஷா256சம்’ எண்களை (உள்ளடக்கம் மாறினால் மாறிவிடும், கைரேகை போன்ற எண்களை) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, -ஜே2, -ஜே8, கோர் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு என்று மாற்றி மாற்றி, குறைந்தது 50 முறை ஓட்டி எண்களை ஒப்பிடுங்கள். வெளியீட்டில் பில்டு செய்த தேதியும் நேரமும் பதிவாகிறது என்றால் எண் எப்போதும் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் அதை எடுத்துவிடுங்கள். குனு மேக் 4.4 பதிப்பு உங்களிடம் இருந்தால் ‘--ஷஃபிள்’ விருப்பத்தைச் சேருங்கள். முன்தேவைகளின் வரிசையைக் கலைத்துப் போட்டு, எழுதாமல் விட்ட முன்தேவைகளை வெளியே கொண்டுவரும். தோற்றால் கலைத்த முறைக்கான எண்ணைப் பிழைச்செய்தியிலேயே காட்டும்; அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே வரிசை கிடைக்கும்.

சந்தேகமான இடம் தெரிந்தும் தவறு நேரவில்லை என்றால், படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ‘ஸ்லீப் 2’ என்று ஒரு வரியைச் செருகுங்கள். நூற்றில் ஒரு முறை நேரும் மோதல் ஒவ்வொரு முறையும் நேரத் தொடங்கும். நான் நான்காம் நாள் கண்டுபிடித்தது இப்படித்தான்: ஸ்லீப் போட்டதும் 14 வரிகள் இருக்க வேண்டிய பட்டியலில் மூன்று வரிதான் மிஞ்சியது.

திருத்தத்துக்கு நேரம் இல்லாத நெருக்கடியில், அந்த அடைவின் மேக்ஃபைலில் ‘.நாட்பேரலல்’ என்று எழுதினால் அந்த மேக் மட்டும் வரிசையாக ஓடும். இதை நான் குறை சொல்லமாட்டேன். தவறான எடைச்சீட்டைவிடத் தாமதமான பில்டு நல்லது. ஆனால் எந்தக் கோப்புக்காக அப்படி எழுதினீர்கள் என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதுங்கள், இல்லையென்றால் அடுத்து வருபவர் வேகத்துக்காக அதை எடுத்துவிடுவார்.

சீட்டு முறைக்கு மாற்றிய அன்று மாலை, பில்டைச் சுழற்சியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தபோது 200 ஓட்டங்கள் முடிந்திருந்தன, பட்டியலின் ஷா256சம் 200 முறையும் ஒன்றாகவே இருந்தது. அதன் பிறகுதான் மண்டிக்குப் போன் செய்து புதிய பதிப்பை அனுப்புவதாகச் சொன்னேன்.